பச்சைக் கல்லுக்கு ஒரு கேட் பாஸ்

எனக்கு இருபத்தேழு வயதானபோது, என் ஜாதகத்தில் புதன் சரியில்லை என்று ஒரு ஜோசியர் கண்டுபிடித்தார். மரகத மோதிரம் போட்டால் கல்யாணம் தானாகக் கூடிவரும் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அம்மா என்னைக் காஞ்சிபுரத்தில் ஒரு நகைக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் வெள்ளைக் காகிதம் ஒன்றைப் பிரித்து, பாசிப்பருப்பைவிடச் சிறியதாக நாலைந்து பச்சைப் புள்ளிகளைக் கொட்டிக் காட்டினார். எனக்கு அவற்றின் மேல் கண் போகவில்லை. அவருடைய பில் புத்தகத்தின் தாள்கள் பறக்காமலிருக்க மேலே வைத்திருந்த ஒன்றின் மேல்தான் போனது. எலுமிச்சம்பழ அளவு. இளம்பச்சை. இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி வைத்து ஒட்டியது போல எட்டு முகங்கள்.

“அது என்ன கல்லுங்க?”

“அது கல்லு இல்லம்மா, வெயிட்டு.”

“அதைக் கொடுப்பீங்களா?”

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்தார். கடைசியில் மோதிரம் வாங்கப் போன நான் பேப்பர் வெயிட்டோடு வீடு திரும்பினேன். ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை அம்மா பஸ்ஸில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுவருடமே எனக்குக் கல்யாணம் ஆயிற்று. மோதிரம் இல்லாமலேயே புதன் பெருந்தன்மையாக நடந்துகொண்டார்.

அந்தக் கல்லின் பெயர் ஃப்ளோரைட் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அளப்பது ஒன்றுதான். வல்லம் வடகாலில், கார் பிரேக்குக்கான பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகர்; அங்கே எல்லோரும் சொல்வது க்யூசி. மற்றவர்கள் செய்ததில் என்ன தப்பு என்று கண்டுபிடிப்பது என் வேலை. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவேன். இதனால் எனக்கு நண்பர்கள் அதிகம் கிடையாது.

வாங்கி வந்த மறுநாளே அந்தக் கல்லை டிபன் பையில் போட்டு எடுத்துப் போனேன். சாப்பாட்டு நேரத்தில், ஒரு பொருளின் நிழலைப் பெரிதாக்கிக் கோணம் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தேன். நூற்று ஒன்பது டிகிரி, இருபத்தெட்டு கோண நிமிடம். கல்லைத் திருப்பி அடுத்த விளிம்பை வைத்தேன். அதே. அதற்கடுத்தது, அதே. தயிர்சாதம் ஆறிப்போனது, அல்லது ஏற்கெனவே ஆறியிருந்தது. எங்கள் லைனில் லட்சக்கணக்கில் மெஷின் வாங்கிப் போட்டு, மூன்று ஷிப்ட் ஆள் நிறுத்தி, அரைமணிக்கு ஒருமுறை செக் பண்ணியும் வராத ஒழுங்கு. இதற்கு ஒரு சூப்பர்வைசர்கூடக் கிடையாது. அன்றைக்கு விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

பச்சையை மட்டும்தான் சேர்ப்பேன். ஏன் பச்சை என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். தூய்மையாக இருந்தால் இந்தக் கற்களில் பெரும்பாலானவை கண்ணாடி போல நிறமில்லாமல் கிடக்கும். உருவாகும்போது துளியூண்டு வேறொரு உலோகம் வழிதவறி உள்ளே புகுந்துகொள்ளும். அதுதான் பச்சை. எங்கள் தொழிற்சாலையில் உலோகத்துக்குள் அப்படி ஏதாவது புகுந்தால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவேன். வீட்டில் அதையே அலமாரியில் வைத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் கணவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். வேறொரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். அலமாரியில் அப்போது ஏழு கற்கள் இருந்தன. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ‘பச்சைப் பிள்ளைங்க’. இரவு விளக்கை அணைக்கும்போது, “இன்ஸ்பெக்டரம்மா, பச்சைப் பிள்ளைங்களுக்குப் போர்த்தி வுட்டியா?” என்பார். தூசி படாமலிருக்க நான் உண்மையிலேயே மேலே ஒரு துணி போடுவது வழக்கம் என்பதால் பதில் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வருகிற உறவினர்கள் மூன்று கேள்வி வைத்திருப்பார்கள். எவ்வளவுக்குப் போகும்? மோதிரத்தில் கட்டலாமா? வாஸ்துவுக்கா? மூன்றுக்கும் தெரியாது, முடியாது, இல்லை என்று சொன்னால், எதையோ மறைக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டு காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

எட்டாவது கல் வந்த கதைதான் இது.

அதன் பெயர் அபோஃபில்லைட். வெள்ளையாக ஏராளமாகக் கிடைக்கும், பச்சை அபூர்வம். மகாராஷ்டிரத்தில் கருங்கல் குவாரிகளிலும் கிணறு வெட்டும் இடங்களிலும், பாறைக்குள் இருக்கும் பொந்துகளில் இது வளர்ந்திருக்கும். அங்கே கல் சேர்த்து விற்கும் ஒருவரிடம் இரண்டு வருடமாகச் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் போனில் படம் அனுப்பினார். இளஞ்சிவப்பு நிறத்தில் விசிறி விசிறியாக ஒரு அடிக்கல். அதன்மேல் ஒற்றையாக, நாலு பக்கமும் சரிந்து கூர்முனையில் முடியும் ஒரு பச்சைக் கோபுரம். பெரிய கொட்டைப்பாக்கைவிடக் கொஞ்சம் உயரம். புதினா ஊறிய தண்ணீருக்கு ஒரு நிறம் உண்டல்லவா, அந்த நிறம். படத்தைப் பார்த்த அன்று நான் பாஸ் செய்யக்கூடாத ஒரு லாட்டைப் பாஸ் செய்யப் பார்த்தேன்; நல்லவேளை, கூட இருந்தவள் தடுத்தாள்.

அதை வீட்டு விலாசத்துக்கு வரவழைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. பென்னலூரில் நாங்கள் இருக்கும் மனைப்பிரிவில் ஐந்து தெருவுக்கு ஒரே பெயர். போனமுறை கூரியர்காரர் எங்கோ நின்றுகொண்டு, “மேடம், மேப்புல உங்க வூடு செம்பரம்பாக்கம் ஏரிக்குள்ள காட்டுது, நான் இன்னா பண்றது?” என்று கேட்டார். அதனால் தொழிற்சாலை விலாசம் கொடுத்தேன். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

ஒரு வியாழக்கிழமை காலை பார்சல் கேட்டுக்கு வந்தது. செக்யூரிட்டி அண்ணன் என் எதிரிலேயே பிரிக்கச் சொன்னார். பஞ்சும் தாளும் விலக, உள்ளேயிருந்து அது வெளியே வந்ததும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“இன்னா மேடம் இது, பச்சை ஐஸ் மாரி கீது!”

“கல்லுண்ணா. தானா வளர்ந்த கல்லு.”

“கல்லு வளருமா? சரி, எழுதிக்கிறேன்,” என்று உள்ளே வரும் பொருள்களுக்கான ரிஜிஸ்டரில் எழுதினார். ‘பச்சைக் கல் – 1’.

சாயங்காலம் அதே பெட்டியோடு கிளம்பினேன். அதே அண்ணன் கையை நீட்டி நிறுத்தினார்.

“கேட் பாஸ் எங்க மேடம்?”

“அண்ணா, காலைல நீங்கதானே பார்த்தீங்க? என்னோடதுதானே?”

“உங்களோடதுதான், நான் இல்லன்னு சொன்னேனா? ஆனா உள்ள வந்த பொருள் வெளிய போவணும்னா பாஸ் வோணும். நீங்க டிபன் பாக்ஸ்ல வெச்சு கொண்டாந்திருந்தா எனக்கு இன்னா தெரியப் போவுது? இப்ப ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சே.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. விதிமுறையை மீறுகிறவர்களை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படியே அவர் என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்க் கல்லை, பாகங்களை அளக்கும் என் அளவு அறையில், கருங்கல் மேசை மேல், ஒரு கண்ணாடி மூடிக்குள் வைத்துப் பூட்டினேன். அந்த அறை வருடம் முழுக்க இருபது டிகிரியில் இருக்கும். என்னைவிட அதற்கு வசதிதான்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர் பொறுப்பாளர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார்.

“மெட்டீரியல் கோடு?”

“இதுக்குக் கோடு கிடையாது சார்.”

“கோடு இல்லாம ஒரு பொருள் கம்பெனிக்குள்ள இருக்க முடியாது மேடம். மூலப் பொருளா, முடிஞ்ச பொருளா?”

நான் யோசித்தேன். கோடிக்கணக்கான வருடம் பாறைக்குள் இருந்து வளர்ந்தது. “முடிஞ்ச பொருள்தான் சார்.”

“அப்ப இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் வேணும். யாரு கையெழுத்து போடணும்?” என்றவர், அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “ஓ. நீங்கதான்.”

ஆக, என் கல்லை நானே பரிசோதித்து, நானே தேறியது என்று எழுதிக் கொடுத்தேன். நீளம், அகலம், உயரம், முனை கூர்மையாக உள்ளது, கீறல் இல்லை, உடைசல் இல்லை. என் பணிக்காலத்தில் நான் எழுதிய ரிப்போர்ட்டுகளில் மிகவும் சந்தோஷமாக எழுதியது அதுதான். அதன்மேல் பிளான்ட் மேனேஜரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் மீட்டிங்கில் இருந்தார்.

இதற்குள் செய்தி பரவிவிட்டது. க்யூசி மேடத்துக்குக் கோடி ரூபாய் மரகதம் பார்சலில் வந்திருக்கிறதாம், கம்பெனி விட மாட்டேன் என்கிறதாம். டீ நேரத்தில் அளவு அறைக் கதவுக்கு வெளியே வரிசை நின்றது. என்னோடு சிவப்புச் சீட்டுக்காகச் சண்டை போட்டு ஆறு மாதமாகப் பேசாமலிருந்த லைன் சூப்பர்வைசர்கூட வந்தார். வந்து, கண்ணாடி மூடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, “இதுலயாவது தப்பு கண்டுபிடிக்காம வுட்டீங்களா மேடம்?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் போகும்போது இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்தார். நான் கவனித்தேன்.

மதியம் ஒரு லைன் நின்றுபோய்விட்டது என்று அவசரமாகக் கூப்பிட்டார்கள். அறையைப் பூட்டிவிட்டுப் போய், அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். கல் மூடிக்குள் பத்திரமாக இருந்தது. சற்றுத் திரும்பியிருந்தது போலத் தோன்றியது. நான்தான் அப்படி வைத்திருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

நாலு மணிக்குப் பிளான்ட் மேனேஜரே அறைக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர். அளவு அறையில் கையுறை இல்லாமல் யாரும் எதையும் தொடக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியது அவர்தான். கீழே அவர் கையெழுத்து இருக்கும். அவர் கையில் கேட் பாஸ் இருந்தது, கையெழுத்தோடு.

“ஏனுங்க மேடம், இது இன்னும் இங்கயே கிடந்தா நல்லாவா இருக்கும்? இன்னைக்கே வூட்டுக்கு எடுத்துட்டுப் போயிருங்க.”

“நானே வந்து வாங்கிக்கிறேனே சார், நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்…”

“பரவால்லீங்க, பரவால்லீங்க,” என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். இவ்வளவு பெரிய மனிதர் என் பொழுதுபோக்குக்கு இத்தனை மரியாதை கொடுக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை வெயில் வந்ததும், வீட்டு ஜன்னலில் கல்லை வைத்தேன். உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு முனையிலிருந்து ஆரம்பித்தேன். முனைக்குக் கொஞ்சம் கீழே, நாலு பக்கமும் சுற்றி, நூல் பிடித்தது போல ஒரு கோடு. கோட்டின் ஓரமாக மாவு தூவிய மாதிரி வெள்ளைப் பூச்சு. நான் அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், உடைந்த பிளாஸ்டிக் பாகங்களை ஆட்கள் ஒட்டி மறைக்கும்போது. உடனடிப் பசை காயும்போது அப்படித்தான் பூக்கும்.

முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. உருப்பெருக்கியை எடுக்காமல் அந்தக் கோட்டையே இன்னொரு சுற்றுப் பார்த்தேன். இத்தனை காலம் பூமிக்கடியில் வெந்நீரிலும் இருட்டிலும் கிடந்து ஒரு முனை வளர்ந்திருக்கிறது. குவாரி வெடியில் தப்பித்திருக்கிறது. லாரியில், ரயிலில், கூரியரில் தப்பித்திருக்கிறது. நான் பூட்டி வைத்த அறையில் உடைந்திருக்கிறது.

கணவர் எட்டிப் பார்த்தார். “என்ன, பச்சைப் பிள்ளைக்குக் காய்ச்சலா?” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அன்று முழுவதும் அவர்தான் சமைத்தார். சாம்பாரில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோபம் வந்தது. வரிசையில் நின்று பார்த்த ஒவ்வொருவரையும் மனத்துக்குள் நிறுத்தி விசாரித்தேன். லைன் சூப்பர்வைசருக்குத் தூக்குத் தண்டனையே கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை நேராகக் கருவிகள் கொடுக்கும் அறைக்குப் போனேன். அந்தப் பசை அங்கே மட்டும்தான் கிடைக்கும். பொறுப்பில் இருந்தது திருநெல்வேலியிலிருந்து வந்து வேலை பார்க்கும் ஒரு பெண். என்னிடம் பிரியமாகப் பேசுகிற மிகச் சிலரில் ஒருத்தி.

“வெள்ளிக்கிழமை யாராவது பசை வாங்கினாங்களா?”

“ஆமாக்கா. மேனேஜர் சாருதாம்க்கா வந்து வாங்கிட்டுப் போனாவ. ஷூவு பிஞ்சிட்டாம். நான் ஒட்டித் தாரேன் சார்னு சொன்னேன். வேண்டாம் வேண்டாம்னு ஓடியே போயிட்டாவ.”

“யாரு, பிளான்ட் மேனேஜரா?”

“அவியதாம்க்கா. ஏன், பசை கெட்டுப் போச்சா?”

பத்து மணிக்குத் தினசரிக் கூட்டம். வழக்கமாக மேசையைத் தட்டித் தட்டிப் பேசுகிற மனிதர், அன்று வலது கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தார். டீ வந்தபோது இடது கையால் எடுத்தார். நான் குனிந்து பேனாவை எடுப்பது போலப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. ஷூக்கள் இரண்டும் புதுசு போலப் பளபளத்தன.

எங்கள் தொழிற்சாலையில் ஏதாவது தவறு நடந்தால் ஒரு படிவம் உண்டு. ஏன் நடந்தது என்று ஐந்து தடவை கேட்டுக் காரணத்தின் வேர்வரை போக வேண்டும். அதைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ‘ஆளைத் திட்டாதீங்க, ஏன்னு கேளுங்க’ என்று அதைப் பற்றி எங்களுக்கு ஒரு நாள் முழுக்க வகுப்பெடுத்திருக்கிறார். நான் ஒரு படிவத்தை எடுத்தேன். பொருள்: பச்சைக் கல், ஒன்று. குறை: முனை உடைந்து ஒட்டப்பட்டுள்ளது. பொறுப்பாளர் பெயரை எழுதாமல் விட்டேன். உறையில் போட்டு, அவர் அறைக்குள் அவர் இல்லாத நேரத்தில் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. பதினோரு வருட வேலை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உறை என் மேசைக்குத் திரும்பி வந்திருந்தது. எல்லாக் கட்டங்களும் அவர் கையெழுத்தில், ஆங்கிலத்தில், சுத்தமாக நிரப்பப்பட்டிருந்தன. ஏன் உடைந்தது? மேசைமேல் விழுந்தது. ஏன் விழுந்தது? கை வழுக்கியது. ஏன் வழுக்கியது? கையில் எண்ணெய். ஏன் எண்ணெய்? கேன்டீன் மெதுவடை. ஐந்தாவது ஏன், வடை தின்ற கையோடு, கையுறை இல்லாமல், அடுத்தவர் பொருளை எடுத்தது ஏன்? அதற்கு மட்டும் தமிழில் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: ‘ஆசைதாங்க.’

படித்துவிட்டு எவ்வளவு முயன்றும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிமிர்ந்தபோது அவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார், பள்ளிக்கூடத்தில் பெற்றோரை அழைத்து வரச் சொல்லப்பட்ட பையன் போல.

“உள்ள வரலாமுங்களா?”

“உங்க பிளான்ட்டு சார்.”

வந்து உட்கார்ந்தார். சற்று நேரம் கையுறை அணியச் சொல்லும் அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கூரு காங்கேயத்துக்குப் பக்கமுங்க. மழை பேஞ்சா அடுத்த நாளு காட்டுக்குள்ள வெல போற நெறக்கல்லு பொறுக்கப் போவாங்க. மண்ணு கரைஞ்சு மேல தெரியுமுல்ல. ஊரே குனிஞ்சுட்டே நடக்கும். எனக்கு மட்டும் ஒருநாளும் ஒண்ணும் கெடச்சதில்லீங்க. என் தம்பிக்குக் கெடைக்கும். என் தங்கச்சிக்குக் கெடைக்கும். நான் பொறுக்கினது அத்தனையும் பாட்டில் ஓடு.”

நான் படிவத்தை மடித்து ஓரமாக வைத்தேன்.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒருக்கா பாத்துரலாம்னுதான் வந்தேன். நீங்க இல்லை. எங்கிட்ட எல்லா ரூமுக்கும் சாவி இருக்குதே. வெளிச்சத்துக்கு நேராப் புடிச்சா எப்படி இருக்கும்னு…” நிறுத்தினார். “ஒட்டியிருக்கக் கூடாது. அதுதான் பெரிய தப்பு. மன்னிச்சுருங்க அம்மிணி.”

அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அம்மிணி என்று வந்ததும், ஞாயிறு முழுக்க நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனங்கள் அத்தனையும் வீணாகிவிட்டன.

“வெளிச்சத்துல எப்படி இருந்துச்சு சார்?” என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. “ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க! உள்ளார தண்ணி நிக்கற மாதிரி இருந்துச்சுங்க. அதைப் பாத்ததுலதான் கையில புடிச்சிருக்கறதே மறந்துபோச்சு.”

மறுநாள் கல்லை மறுபடியும் எடுத்துப் போனேன், இந்த முறை டிபன் பையில். எங்கள் அறையில் பாகங்களைத் துடைக்க அசிட்டோன் வைத்திருப்போம். அந்தப் பசையை அது கரைக்கும். கல்லை ஒன்றும் செய்யாது. மேனேஜர் கையுறை போட்டுக்கொண்டு வந்தார், இரண்டு கைக்கும் இரண்டிரண்டாக. பஞ்சில் அசிட்டோனை நனைத்துக் கோட்டைச் சுற்றி வைத்தேன். மூடி வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தோம். அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, “ஆயிருச்சுங்களா?” என்று கேட்டார். உற்பத்தி ஏன் தாமதம் என்று எங்களைக் கேட்கும் அதே குரல்.

ஒரு மணி நேரம் கழித்து முனை தானாக வழுக்கிக் கழன்றது. நிலக்கடலைப் பருப்பு அளவில் ஒரு குட்டிக் கூம்பு. ஒட்டியிருந்த இடத்தைத் துடைத்துவிட்டு மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். பார்த்ததும் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டேன்.

இந்தக் கல் உடைந்தால் தாறுமாறாக உடையாது. குறுக்கே, ஒரே மட்டமாக, சீட்டு பிரிவது போலப் பிரியும். அந்த மட்டத்தில் மட்டும் வேறொரு பளபளப்பு இருக்கும் என்று படித்திருந்தேன். பழைய காலத்தில் இதற்கு மீன்கண் கல் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். படித்ததோடு சரி. முழுக்கல்லை உடைத்தா பார்க்க முடியும்? இப்போது அது என் கண்ணெதிரே இருந்தது. நாலு பக்கமும் கண்ணாடிப் பச்சை. நடுவே சதுரமாக, முத்துச்சிப்பியின் உட்புறம் போல வெள்ளி ஒளி. கல்லைக் கொஞ்சம் சாய்த்தால் அந்த ஒளி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடியது. எந்த இயந்திரத்தாலும் அப்படியொரு சமமான பரப்பைச் சீவித்தர முடியாது. எனக்குத் தெரியும், சீவ முடியாமல் தினமும் தவிப்பவர்களோடுதான் வேலை பார்க்கிறேன்.

எழுந்து அவருக்கு இடம் விட்டேன். அவர் வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார். கழுத்து வலித்திருக்கும். ஒரு கட்டத்தில், தலையைத் தூக்காமலே, “அம்மிணி, இது நான் ஒடைச்சதுனாலதானே தெரியுது?” என்றார்.

“சார், அதுக்காக உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டேன்.”

“வேண்டாமுங்க, வேண்டாமுங்க. சும்மா கேட்டேன்.”

மறுபடி ஒட்டவில்லை. கோபுரம் மொட்டையாகவும், பக்கத்தில் அதன் முனை தனியாகவும் அலமாரியில் வைத்தேன். உடைந்ததை வீட்டில் வைக்கக்கூடாது என்று அம்மா போனில் சொன்னார். என் கணவர், “ஒன்பதாவது பச்சைப் பிள்ளை பொறந்துடுச்சுன்னு நினைச்சுக்கோ,” என்றார். லைன் சூப்பர்வைசரிடம், எதற்கென்று சொல்லாமல், ஒருநாள் நானாகப் போய்ப் பேசினேன். அவர் பயந்துபோய், அன்றைக்கு அனுப்பவிருந்த பாகங்களை மறுபடி ஒருமுறை செக் பண்ணச் சொன்னாராம்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் மேனேஜர் தன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார், ஒன்பதையும் பார்க்க. ஐந்து தெருவிலும் விசாரித்து அலைந்தவர்களை, கடைசியில் என் கணவர் போய் மெயின் ரோட்டிலிருந்து கூட்டி வந்தார். அந்த அம்மா உள்ளே வந்ததும் அலமாரிக்கு நேராகப் போய், ஒவ்வொன்றாக எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, மறுபடி அதே இடத்தில் அதே திசையில் வைத்தார். அவ்வளவு நிதானமான கைகளை நான் எங்கள் தொழிற்சாலையில் பார்த்ததில்லை. மேனேஜர் இரண்டடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். வியர்த்துக்கொண்டிருந்தது.

அந்த அம்மா மொட்டைக் கோபுரத்தை எடுத்தார். “இது எப்படிம்மா இவ்வளவு சுத்தமா ஒடஞ்சுச்சு?”

நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜரே சொல்லிவிட்டார். “நான்தான்.”

“ஒட்டுனீங்களா?”

“…ஒட்டுனேன்.”

அந்த அம்மா என்னிடம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை; பல வருடங்களாக ஒருவரோடு குடும்பம் நடத்திய அலுப்பு மட்டும்தான் இருந்தது. “எங்க வூட்டு பீங்கான் பிள்ளையாருக்கு ரெண்டு காதும் இவரு ஒட்டுனதுதாம்மா. ஒண்ணு திரும்பி ஒட்டிட்டாரு. பிள்ளையாருக்கு நாம பேசறது பாதிதான் கேக்கும்னு நெனைக்கறேன்.”

என் கணவர் சிரித்த சிரிப்பு பக்கத்து மனை வரைக்கும் கேட்டிருக்கும். மேனேஜரும் சிரித்தார், கையைப் பின்னாலிருந்து எடுக்காமலே. பிறகு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஃப்ளோரைட்டின் எட்டு முகங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார், தன் மனைவி கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்ட. ஏழு என்றார். மறுபடி எண்ணி ஒன்பது என்றார்.

நான் காபி போட உள்ளே போனேன். விருந்தாளிகளுக்கென்று கல்யாணத்தில் வந்த பீங்கான் கோப்பைகள் ஆறு இருக்கின்றன, மேல்தட்டில், அட்டைப்பெட்டியில். அட்டைப்பெட்டி வரை கை போனது. யோசித்துவிட்டு, நாலு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கழுவினேன்.